கல்யாணப் பத்திரிகைக்குக் கறுப்பு பார்டர்: டிசைன் ஒண்ணு சொல்ல, ஆளுங்க வேற ஒண்ணு படிச்ச கதை உங்ககிட்ட இருக்கா?

மையும்தாளும்:
மதுரையில டிடிபி கடை வச்சு 22 வருஷம் ஆச்சு. போன மாசம் பெங்களூருல வேலை பாக்குற தம்பி ஒருத்தர், தங்கச்சி கல்யாணப் பத்திரிகை டிசைனை அவரே மொபைல்ல கொண்டுவந்தார். வெள்ளை அட்டை, சுத்தி மெல்லிசா கறுப்பு பார்டர், கறுப்பு எழுத்து, நிறைய காலி இடம். நெஜமாவே அழகு. நானும் வாயைத் திறக்காம புரூஃப் போட்டுட்டேன். சாயங்காலம் பொண்ணோட அப்பா வந்தார். கவர்ல இருந்து அட்டை பாதி வெளிய வந்ததுமே மறுபடி உள்ள தள்ளிட்டார்.

"யாருக்குய்யா காரியம்?"

ஒரு எழுத்துகூட அவர் படிக்கல. பார்டரை அரக்கு ஆக்கினேன், நாலு மூலையிலயும் விரலால தடவின மாதிரி மஞ்சள் வச்சேன். பேரு, தேதி, மண்டபம், ஃபான்ட் எதையும் தொடல. மறுநாள் வந்தவர் தாய்மாமன் பேர் வரைக்கும் வரிவரியாப் படிச்சு, நான் விட்ட ஒரு ஒற்றையும் கண்டுபிடிச்சுக் கொடுத்தார். முதல் நாள் அட்டையிலயும் அந்த ஒற்று இல்லதான், அன்னிக்கு அது கண்ணுல பட்டுச்சா என்ன?

வரப்போரம்:
அண்ணே, எங்க கடையில இது தினப்படிக் கூத்து. தஞ்சாவூர் பக்கம் பூச்சிமருந்துக் கடை. டப்பாவுல முனையில நிக்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்கும், பாத்திருப்பீங்க. அதோட கீழ்ப்பாதி கலர்தான் விஷத்தோட அளவு. சிவப்புதான் எல்லாத்துலயும் கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியா பச்சை. 1971 பூச்சிக்கொல்லி விதியிலயே இருக்கு. சிவப்புல மண்டை ஓடும் சேர்ந்து வரும்.

பச்சையைப் பாத்தா "இது ஒண்ணும் செய்யாதுப்பா"ன்னு கையுறை இல்லாமக் கலக்குறாங்க. பச்சைன்னாலும் விஷம்தானே, வீரியம்தான் கம்மி. அதைக்கூட ரெண்டு தடவை எடுத்துச் சொன்னா கேட்டுக்கறாங்க. சிவப்புதான் பெரிய தலைவலி. பெரியவர் ஒருத்தர் மண்டை ஓட்டை விரலால தட்டிக் காட்டி, "இதான் சுருக்குன்னு கேக்கும், இதையே குடு"ன்னார். மண்டை ஓடு தெளிக்கிறவருக்கு வச்ச எச்சரிக்கை. அவர் அதைப் பூச்சிக்கு விட்ட எச்சரிக்கையா எடுத்துக்கிட்டார்! அவரைச் சொல்லியும் குத்தமில்ல. உள்ள இருக்கிறதை நாமளே "மருந்து"ன்னுதான விக்கிறோம்.

பழுப்பா_பச்சையா:
எனக்குப் பிறவியிலேயே நிறக்குருடு. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே சேறு மாதிரிதான் தெரியும். வீட்டுல சுத்த சைவம். முன்னாடியெல்லாம் பாக்கெட்டுல சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி; ரெண்டும் சதுரத்துக்குள்ள வட்டம். அளவும் ஒண்ணு, வடிவமும் ஒண்ணு. கேக் வாங்கணும்னா கடைக்காரப் பையன்கிட்ட "தம்பி, இது என்ன கலர்?"னு கேப்பேன். அவன் என்னை ஏற இறங்கப் பாப்பான். ஒரு தடவை கேக்காமலே வாங்கிட்டுப் போயி, அம்மா ஒரு துண்டைச் சாப்பிட்டப்புறம் தங்கச்சி அட்டையைப் பாத்தா. அந்தக் கதை இங்க வேண்டாம்.

2020 லேபிள் விதிமுறையில அசைவத்துக்கு வட்டத்தை எடுத்துட்டு முக்கோணம் ஆக்கினாங்க. கலர் அதே பழுப்புதான், வடிவம் மட்டும் மாறிச்சு. இப்ப யாரையும் கேக்கறதில்ல.

டவுன்பஸ்_பயணி:
சென்னையில 2022ல சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு முன்னாலயும் பின்னாலயும் பிங்க் அடிச்சப்ப எங்க ஆபீஸ்ல ஒரே கிண்டல். எங்க அத்தை கிண்டல் பண்ணல. 2021ல அந்த பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு வேண்டாம்னு ஆனதுல இருந்தே எது இலவச பஸ்னு ஒவ்வொண்ணா ஏறிக் கேட்டு இறங்கிட்டிருந்தவங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பஸ் போயிடும். ஸ்டாப்ல நிக்கிறவங்களுக்கு முதல்ல தெரியறது பஸ்ஸோட முகம்தான், அங்கதான் அடிச்சிருந்தாங்க.

மாத்திரைக்கவர்:
நான் மருந்தாளுநர். காலையில ஒண்ணு, மதியம் இல்ல, ராத்திரி ஒண்ணுங்கறதுக்குக் கவர்ல 1-0-1னு எழுதிக் கொடுத்தா ஒரு பாட்டி "நூத்தியொரு மாத்திரையா சாமி?"ன்னு அரண்டுபோச்சு. அன்னையில இருந்து காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறைன்னு பேனாவால வரைய ஆரம்பிச்சேன். பிரமாதமா வேலை செஞ்சது, ஒரு வாட்ச்மேன் வர்ற வரைக்கும். அவருக்கு ராத்திரி டூட்டி. தூக்கம் வரவைக்கிற சளி மாத்திரை, அதனால பிறை மட்டும் வரைஞ்சு கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, "நிலா வர்றப்ப போட்டேன் சார், கேட்டுலயே சொக்கி விழுந்துட்டேன், சூப்பர்வைசர் திட்டிட்டார்"ங்கறார். நான் பிறைன்னு வரைஞ்சது தூக்கத்தை. அவருக்கு நிலா வந்தா வேலை நேரம். இப்ப படுத்த மாதிரி ஒரு ஆள் வரையறேன். கை கால் சரியா வராது. பாக்கறவங்க சிரிக்கறாங்க, ஆனா புரிஞ்சுக்கறாங்க.

மையும்தாளும்:
மாத்திரைக்கவர் சார், அந்தப் படுத்த ஆளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, ரப்பர் ஸ்டாம்ப் பண்ணித் தர்றேன்.

சின்னம்னு வந்ததால என் குட்டு ஒண்ணையும் உடைச்சிடறேன். 1951-52 முதல் பொதுத்தேர்தல்ல வேட்பாளருக்கு ஒரு பெட்டின்னு தனித்தனியா வச்சு, பெட்டி மேலயே சின்னத்தை ஒட்டினாங்க. படிக்கத் தெரியாதவங்க படத்தைப் பாத்துச் சீட்டைப் போடணும். நம்ம ஊராட்சித் தேர்தல்ல இன்னிக்கும் வாக்குச்சீட்டுதான், சின்னம் கறுப்புக் கோட்டுல இருக்கும். கடந்த தடவை ஒரு வேட்பாளருக்குப் பூட்டு சாவி. நோட்டீஸ் தகதகன்னு இருக்கணும்னார். நான் தங்கக் கலர்ல, நிழல் விழுற மாதிரி, பளபளன்னு ஒரு பூட்டு பண்ணி, சாவியை அதுலயே சொருகிவிட்டேன். ரெண்டு ராத்திரி வேலை. என் கடையில அதைவிட நல்லா ஒண்ணு பண்ணினதில்ல.

ஓட்டு முடிஞ்ச அன்னிக்கு அவரோட பெரியம்மா கடை வாசல்ல நிறுத்திக் கேட்டாங்க: "ஏம்ப்பா, நீ அடிச்ச தங்கப் பூட்டு சீட்டுல இல்லையே, எடுத்துட்டாங்களா?"