மழைக்குப் பிறகு போர்வெல் தண்ணீர் கலங்கி வருகிறது, அவசரம்

பள்ளிக்கரணை வீடு:
மூன்று நாள் மழைக்கு அப்புறம் போர் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. சாக்கடை வாடை வேறு. மெக்கானிக் புது மோட்டார் போடச் சொல்கிறார். போடலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

போர்க்காரர்:
எத்தனை அடி போர்? கேசிங் (போருக்குள் இறக்கிய வெளிக்குழாய்) எத்தனை இஞ்ச், பிவிசியா இரும்பா? பைப் வாய் தரைக்கு மேலே நிற்கிறதா, குழிக்குள் இருக்கிறதா?

தண்ணித்தொட்டி:
அடியில் மண் சேர்ந்திருக்கும். கம்ப்ரசர் காற்று விட்டு மண்ணை வெளியே தள்ளும் ஃபிளஷிங் செய்தால் தெளிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

மூத்த உறுப்பினர்:
ஆழம் இல்லை, அளவு இல்லை, படம் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

பள்ளிக்கரணை வீடு:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். 120 அடி, 6 இஞ்ச் பிவிசி. போட்டபோது வாய் தரைக்கு மேலேதான் இருந்தது. ரோடு மேல் ரோடு போட்டார்கள், நாங்களும் மண் கொட்டி வாசலை ஏற்றினோம். இப்போது வாய் 3 அடி கீழே, செங்கல் குழிக்குள். இன்று சிலாப்பைத் தூக்கிப் பார்த்தேன். பைப் வாய்க்கு ஒரு சாண் மேலே வரை சுவரில் சேற்றுக் கோடு. வாயில் சுற்றியிருந்த சாக்கு கறுத்து ஊறிக் கிடக்கிறது.

போர்க்காரர்:
அந்தக் கோடுதான் பதில். குழி நிரம்பி, தெருத்தண்ணீர் நேராகப் போருக்குள் இறங்கியிருக்கிறது. மோட்டாரை மாற்றாதீர்கள்.

மெயினை அணைத்துவிட்டு ஆள் வைத்து மோட்டாரை மேலே எடுங்கள். கேசிங்கில் கப்ளிங் (குழாய் இணைப்பு) போட்டு, சால்வென்ட் பசையால் ஒட்டி, தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்கும்படி உயர்த்துங்கள். வாய்க்குச் சாக்கு வேண்டாம், போல்ட் வைத்த போர் மூடி போடுங்கள். கேபிள் நீளம் பற்றாது, ஜாயின்ட்டைப் போருக்கு வெளியே வையுங்கள். குழியைக் களிமண்ணால் இடித்து நிரப்பி, மேலே வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட். மணலோ ஜல்லியோ கொட்டினால் தண்ணீர் மறுபடி இறங்கும்.

மழைத்துளி:
குழியை ஏன் மூட வேண்டும்? மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. அந்தக் குழியையே அதற்கு வைத்துக்கொள்ளலாமே!

மூத்த உறுப்பினர்:
மாடித் தண்ணீர் வேறு, தெருத்தண்ணீர் வேறு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் யோசனை சொல்லக் கூடாது.

மழைத்துளி:
வித்தியாசம் தெரியும். ஜல்லி, மணல் வடிகட்டி போட்டுத்தானே விடுவோம்? 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு மழைநீரின் அருமை தெரியும்.

போர்க்காரர்:
மாடி நீருக்குத் தனியாக உறிஞ்சுகுழி எடுங்கள், நல்ல காரியம். குடிக்கிற போரின் வாயில் மட்டும் விடாதீர்கள். மணல் வடிகட்டி கலங்கலைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது.

கொத்தனார் மகன்:
குழந்தை விழும் விபத்துகளுக்காக உச்ச நீதிமன்றம் 2010ல் தந்த வழிமுறையிலும் கேசிங்கைச் சுற்றி 50க்கு 50 செ.மீ. மேடை உண்டு, தரைக்கு மேல் 30, கீழே 30. அதே அளவில் கட்டுங்கள். செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம்?

தண்ணித்தொட்டி:
ஃபிளஷிங்கும் செய்துவிடுங்கள்.

போர்க்காரர்:
செய்யட்டும், வாயை உயர்த்தின பிறகு. அப்புறம் குளோரின். 6 இஞ்ச் போரில் அடிக்கு ஐந்தரை லிட்டர். தண்ணீர் 90 அடி நின்றால் சுமார் 500 லிட்டர். 100 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓட்டி நிறுத்தி, மறுநாள் வாடை போகும்வரை வெளியே விடுங்கள். கிருமிப் பரிசோதனை முடியும்வரை குழந்தைக்குக் கேன் தண்ணீர்தான்.

பள்ளிக்கரணை வீடு:
பைப் உயர்த்தியாச்சு, பழைய மோட்டாரே ஓடுகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். செப்டிக் டேங்க் 20 அடி. நன்றி.

கொத்தனார் மகன்:
20 அடி பக்கம்தான். ரிசல்ட்டில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.