புதுப்பிப்பு: கானாடுகாத்தான் சர்வரில் இணைப்பு அறுந்த காரணம் கிடைத்தது

ஆச்சி வீட்டு முகப்பு அறையில் உள்ள டெபியன் லினக்ஸில் ஓடும் சர்வர், இரண்டாம் கட்டில் இருக்கும் ரவுட்டரோடு இணைப்பை விட்டுவிட்டு இழக்கிறது என்று கேட்டிருந்தேன். நெட்வொர்க் கார்டின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) மாற்றச் சொன்னீர்கள், மாற்றியும் சரியாகவில்லை. சிக்கல் கேபிளில்தான்.

கர்னல் பதிவை (இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் லாக்) நேரத்தோடு பார்த்ததும் பிடிபட்டது. 'லிங்க் டவுன்' (இணைப்பு போனது) வந்து, சில நொடியில் 'லிங்க் அப்' (இணைப்பு வந்தது). ஆனால் வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 1000 மெகாபிட்) பதில் 100. ஈத்டூல் என்ற நெட்வொர்க் கருவியில் பார்த்தால், சிஆர்சி பிழைகளும் (தரவு வழியில் கெட்டதைக் காட்டுபவை) ஏறிக்கொண்டே இருந்தன. கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, கேபிளுக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டே போதும். அப்படியானால் ஏதோ ஒரு ஜோடி கெட்டிருக்க வேண்டும்.

கேபிள் வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே, ஓட்டு விளிம்பை ஒட்டித் திறந்தவெளியில் போகிறது. வீட்டுக்குள் போடும் சாதாரண ரகம். வெயிலில் மேலுறை வெடித்து, மழைநீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருந்தது.

இப்போது ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளி சிக்னலை மின் சிக்னலாகவும், மின் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் பெட்டி) வைத்தாயிற்று. வெளிப்புறச் செம்புக் கேபிளே போதும்தான், ஆனால் இங்கே கோடை மழை இடியோடு வரும். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. உள்ளே எஃகுக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் பெய்த மழையில் ஒரு பிங்கூட (இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சிறு செய்தி) விடுபடவில்லை. உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.