மேல்பாதி ஜில், கீழ்பாதி சூடு: ரேடியேட்டரோடு பட்ட பாடு

பதிவு 1

மாடியில் மாமனார் படுக்கும் அறை. பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் கீழ்பாதியைத் தொட்டால் சுடும், மேல்பாதி ஜில்லென்று கிடக்கும். காற்று அடைத்திருக்கிறது, மேல் ஓரத்துத் திருகாணியைச் சாவி போட்டுத் திறந்துவிட்டால் போதும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் திறந்தேன். உஸ்ஸென்று போனது, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினேன். அன்று ராத்திரி அறை கதகதப்பாக இருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி ஜில். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இதே வேலை.

பாய்லரில் பிரஷர் முள் 1.3 பாரிலேயே நின்றது. நான் திறந்துவிடும்போது கொஞ்சம் இறங்கும், மற்றபடி தானாக இறங்கியதே இல்லை. வீட்டில் எங்கும் ஈரமும் இல்லை. தண்ணீர் வெளியே போகாமல் காற்று மட்டும் எந்த வழியாக உள்ளே வரும்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசித் தடவை அடியில் பிடித்திருந்த வெள்ளைத் துண்டில் ஒரு சொட்டு கறுப்பாக விழுந்தது. விரலில் தேய்த்தால் கண்மை போல அப்பிக்கொண்டது. பிளம்பரைக் கூப்பிட்டேன். துண்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "அம்மா, இவ்வளவு நாள் நீங்க திறந்துவிட்டது காற்று இல்லை, ஹைட்ரஜன். உள்ளே இரும்பு தண்ணீரோட சேர்ந்து கறுப்புத் துருவா மாறும்போது அந்த வாயு வரும். துருப்பிடிக்காம இருக்கத் தண்ணீர்ல கலக்கிற மருந்து, இன்ஹிபிட்டர், கடைசியா எப்போ ஊத்தினீங்க?"

ஊற்றியதே இல்லை. ஆனால் என் மனசில் நின்றது அது இல்லை. ஒரு நாள் கரண்ட் போனது. பாய்லர் நின்றிருக்கிறது, திறக்க இதுதான் நேரம் என்று, மெழுகுவர்த்தியை ரேடியேட்டர் மேலேயே வைத்துக்கொண்டு திறந்திருக்கிறேன். ஒரு கை தூரத்தில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹைட்ரஜன் எரியும் வாயு. இன்றைக்கும் அந்தச் சுடர் கண்ணுக்குள் வருகிறது.

பதிவு 2

பாய்லர் பக்கத்துக் குழாயில் செங்குத்தாக நிற்குமே, தானே காற்றை வெளியேற்றும் பித்தளைக் குப்பி, அதன் தலையில் இருக்கும் குட்டி மூடியை இறுக்கி வைத்தது நான்தான். தண்ணீர் கசிந்துவிடுமோ என்ற பயம். வருஷம் முழுக்கச் சுவருக்குள் கடகடவென்று யாரோ குடத்தைக் கவிழ்ப்பது போலச் சத்தம். மூடி ஒன்றிரண்டு சுற்று தளர்ந்திருந்தால்தான் உள்ளே மிதவை இறங்கும்போது காற்றுக்கு வழி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. தளர்த்தினேன், புஸ்ஸென்று நெடுநேரம் போனது. மறுநாள் காலை சுவர் அமைதி. மகன் எழுந்து வந்து, "பாய்லர் ஓடலையாப்பா?" என்று கேட்டான்.

பதிவு 3

முதலில் எழுதிய சகோதரிக்கு. ஹைட்ரஜன் என்று சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலான வீடுகளில் வருவது சாதாரணக் காற்றுதான். முறையாக வெளியேற்றாததால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

என் அனுபவம் சின்னது. காற்றை எடுத்துவிட்டு, பிரஷர் ஏற்ற நிரப்பும் வால்வைத் திறந்தேன். ஃபோன் வந்தது, மூட மறந்துவிட்டேன். நடுராத்திரி வெளிச்சுவரில் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம். முள் 3-ஐத் தாண்டி நின்றது. பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறந்துகொள்ளும் என்பதால் வீடு தப்பியது.

இனி முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஹீட்டிங்கை அணையுங்கள், பம்பு நிற்க வேண்டும். பம்பு ஓடினால் காற்றுக் குமிழ் தண்ணீரோடு கலந்து சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே வந்து ஒதுங்காது. ரேடியேட்டர் ஆறட்டும், இல்லாவிட்டால் கை வெந்துவிடும். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மேலே போங்கள். சாவியைக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. திருகாணி முழுதாகக் கழன்று கையோடு வந்துவிட்டால் தண்ணீர் அடிக்கும் வேகத்தில் அதைத் திரும்பப் போடுவது பெரும்பாடு. எல்லாம் முடிந்தபின் முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 1-லிருந்து 1.5 பார் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூடானதும் பிரிந்து வரும், அதனால் இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை திறந்துவிடுங்கள்.

இன்னொன்று. மேலே ஜில் என்றால்தான் காற்று. அடியில், அதுவும் நடுவில் ஜில் என்றால் சேறு படிந்திருக்கிறது, எத்தனை முறை திறந்துவிட்டாலும் பயன் இல்லை. பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் கொதித்து, தூரத்து ரேடியேட்டர்கள் மட்டும் சூடாகாவிட்டால் அது காற்றும் இல்லை, சேறும் இல்லை. தண்ணீர் சுலபமான வழியிலேயே சுற்றித் திரும்பிவிடுகிறது. பக்கத்து ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்டு வால்வை, அதாவது நாப் இல்லாமல் வெறும் மூடி போட்ட பக்கத்தை, கொஞ்சம் கொஞ்சமாக மூடி வாருங்கள். எத்தனை சுற்று மூடினீர்கள் என்று எழுதிவைப்பது முக்கியம். கண்டென்சிங் (புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை) அல்லாத பழைய பாய்லர் என்றால், ரேடியேட்டருக்கு உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் சுமார் 11 டிகிரி வித்தியாசம் வரும்வரை செய்யலாம். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, பொறுமை வேண்டும்.

பதிவு 4

அண்ணா, "இறங்கியிருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

குளிர்ந்திருக்கும்போது முள் 0.4. ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் 2.8, சில நாள் 3. ஆறினால் மறுபடி கீழே. ஒவ்வொரு வாரமும் ஏற்றினேன். வெளிக்குழாயில் சொட்டுவதை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனை ஊற்றி இரும்புக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

பிளம்பர் வந்தார். பாய்லரின் முன்பலகையைக் கழற்றினார். உள்ளே தட்டையான சிவப்பு டப்பா, எக்ஸ்பான்ஷன் வெசல். சைக்கிள் டியூபில் இருப்பது போலவே ஒரு வால்வு அதில் இருக்கிறது. "இதை அமுக்குறேன், காற்று வந்தா நல்லது" என்று நகத்தால் அமுக்கினார். பழுப்புத் தண்ணீர் அவர் சட்டைக் கையில் அடித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருக்கும் ரப்பர் திரை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் தண்ணீர் விரியும்போது அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் காற்றுதான் அமுங்கி இடம் கொடுக்க வேண்டும். அது இல்லாததால் 3 பார் தொட்டு, வால்வு வழியாகத் தண்ணீர் போய், ஆறியதும் முள் விழுந்திருக்கிறது.

காற்று மட்டும் குறைந்திருந்தால் டப்பாவை மாற்றாமல் காற்றடித்துச் சரி செய்யலாமாம். தண்ணீர்ப் பக்கத்தின் பிரஷரை முழுக்க இறக்கிவிட்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். அதனால்தான் சொல்கிறேன்: அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றாதீர்கள். எங்கே போகிறது என்று முதலில் தேடுங்கள்.

பதிவு 5

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை ஜில். மூன்று முறை திறந்தேன், உடனே தண்ணீர்தான் வந்தது. உடனே தண்ணீர் வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோடையெல்லாம் மூடியே கிடந்த தெர்மோஸ்டாட் நாப்பைக் கழற்றினால், உள்ளே, அமுங்கினால் தண்ணீரை அடைக்கும் சின்னக் கம்பி அமுங்கினபடியே இறுகிப்போயிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுக்கக் கூடாது, கையோடு வந்துவிடும். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினேன், டக்கென்று பெருவிரலுக்கு அடியில் எழும்பி நின்றது. அடுத்த நிமிஷம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். இப்போது கோடையில் எல்லா நாப்பையும் முழுக்கத் திறந்தே வைக்கிறேன்.

பதிவு 6

எங்களுடையது பழைய அமைப்பு. பரணில் சின்னத் தொட்டி, அதிலிருந்து தண்ணீர் இறங்க ஒரு குழாய், தொட்டிக்கு மேலே கொக்கி போல வளைந்து திறந்து நிற்கும் காற்றுக்குழாய் ஒன்று. பிரஷர் முள்ளெல்லாம் கிடையாது.

மாடி ரேடியேட்டரைத் திறந்தேன். உஸ்ஸென்ற சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தேன். சந்தேகம் வந்து துவாரத்தில் விரலை வைத்தேன். விரலை உள்ளே இழுத்தது. இவ்வளவு நேரம் காற்றை வெளியே விடவில்லை, உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பம்பை அணைக்காமல் செய்தது என் தப்பு, அந்த விஷயத்தில் மூன்றாவதாக எழுதியவர் சொன்னது முழுக்க சரி.

ஆனால் பம்பு மட்டும் காரணம் இல்லை. பரணில் ஏறிப் பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். இவ்வளவு தண்ணீர் இருந்தும் கீழே இறங்கவில்லை. வந்த பிளம்பர் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். தொட்டிக் குழாய் சுற்றோட்டத்தில் வந்து சேரும் முடிச்சில் வைத்துக் கையை எடுத்தார். செம்புக் குழாய் அது. செம்பில் காந்தம் ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே! ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு சாண் தள்ளி வைத்தார், கீழே விழுந்தது. மறுபடி முடிச்சில் வைத்தார், நின்றது. அந்த இடத்தை அறுத்து எடுத்தபோது உள்ளே கறுப்பாக, தார் போல, ஒரு ஊசி நுழையக்கூட வழி இல்லை. இரும்புத் துரு அங்கே வந்து படிந்து இறுகியிருக்கிறது.

அந்தத் துண்டுக் குழாயை எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது வீட்டில் அடிக்கடி காற்று வருகிறது என்று சொன்னால் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

பதிவு 7 (முதலில் எழுதியவர்)

மூன்றாவதாக எழுதிய அண்ணாவுக்கு. பயமுறுத்த எழுதவில்லை. நீங்கள் சொன்ன முறையில்தான் நான் ஒவ்வொரு தடவையும் செய்தேன். முறை சரியாக இருந்தும் வாயு வந்துகொண்டே இருந்தது, முள்ளும் இறங்கவில்லை. அப்படி நடந்தால் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பிறகு முழு அமைப்பையும் கழுவி, இன்ஹிபிட்டர் ஊற்றி, திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைத்தோம். மாமனார் அறை ரேடியேட்டரை மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த குளிர்காலத்தில் சாவியைப் போட்டேன். உடனே தண்ணீர்தான் வந்தது, தெளிவாக. அவரே துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஆறாவதாக எழுதியவரே, எங்கள் வீட்டில் பரண் தொட்டி இல்லை. காந்தத்தை எங்கே வைத்துப் பார்ப்பது?

பதிவு 8 (ஆறாவதாக எழுதியவர்)

உங்களுக்குக் காந்தம் தேவையில்லைம்மா, ஃபில்டருக்குள்ளேயே இருக்கிறது. வருஷ சர்வீஸுக்கு வருபவரிடம் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் எவ்வளவு கறுப்பு ஒட்டியிருக்கிறது என்று ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் திறக்கும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் இன்ஹிபிட்டர் அளவு போதுமா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.