செல்ஃப்-டிராப்ட் எக்சிட்டான்: 'தற்பொறி'யா, 'தற்சிறை'யா?

> டிராப் வரும் இடமெல்லாம் 'பொறி' என்றே வைத்துக்கொண்டு, இதைத் 'தற்பொறி எக்சிட்டான்' எனலாமா?

வணக்கம் ஐயா,

பாடத்தில் சொல்லப்படும் எக்சிட்டான் என்பது, ஒளி பட்டுக் கிளம்பிய எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் (ஹோல்) பிணைந்த சோடி. அது நகராமல் ஓரிடத்தில் அகப்படுவதைத்தான் டிராப் என்கிறோம்.

'பொறி' வேண்டாம் என்பேன். எந்திரமும் அதுதான், நெருப்பும் அதுதான்; ஒளி உமிழும் பொருளைப் பற்றிய பாடத்தில் குழப்பம் நிச்சயம். அதைவிட, பழுதில் அகப்படுவது, தானே உண்டாக்கிய உருக்குலைவில் அகப்படுவது என்ற இரு வேறு நிகழ்வுகள் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன.

பெரோவ்ஸ்கைட் என்னும் படிக வகையில் ஹாலைடு (குளோரைடு, அயோடைடு போன்ற) அயனி இல்லாத வெற்றிடம், பரப்பில் பிணைப்புக் குறைந்து நிற்கும் ஈய அயனி போன்றவை ஒளி படுமுன்பே இருக்கும் பழுதுகள். செல்ஃப்-டிராப்பிங்குக்கு, அதாவது நான் சொல்லும் தற்சிறைக்கு, பழுதே தேவையில்லை. எக்சிட்டான் தன்னைச் சுற்றியுள்ள எண்முகியை (உலோக அயனியும் அதைச் சூழ்ந்த ஆறு ஹாலைடு அயனிகளும்) உருக்குலைத்து, அந்த உருக்குலைவிலேயே அகப்படுகிறது. எக்சிட்டான் அழிந்ததும் படிகம் பழையபடி ஆகிவிடும். சீசியம்-வெள்ளி-இண்டியம் குளோரைடில் வெள்ளியின் எண்முகி இப்படித்தான் உருமாறுகிறது. 2018இல் வெளியான ஆய்வில், வெள்ளியில் 40% அளவுக்குச் சோடியத்தைப் புகுத்தி, 0.04% பிஸ்மத் சேர்த்தபோது வெள்ளொளியின் குவாண்டம் திறன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் ஒளியாகத் திரும்புவதன் பங்கு) சுமார் 86% வந்தது. இந்த ஒளிக்குப் பழுதே காரணமென்று நினைத்து, பழுதை அடைக்கப் பரப்பை மூடினாலும் அது மறைந்துவிடாது.

இவ்விரண்டையும் பிரித்தறிய, படிகத்தில் பாய்ச்சும் லேசரின் திறனைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். பழுதுகளுக்கு எண்ணிக்கை வரம்புண்டு. நிரம்பியதும், உமிழும் அகன்ற ஒளிப்பட்டையின் செறிவு தேங்கும். தற்சிறையில் நேர்கோடாக ஏறும். ஆனால் திறன் மிகுந்தால் எக்சிட்டான்கள் ஒன்றையொன்று அழிக்கும், கோடு வளையும். அதை நிரம்பல் என்று எழுதிவிடக் கூடாது. பட்டை இடைவெளியைவிட (எலெக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) குறைந்த ஆற்றலுள்ள ஒளியிலும் அதே ஒளிப்பட்டை எழுந்தால் பழுதைச் சந்தேகிக்கலாம்.

ஆகவே 'தற்சிறை', 'பழுதுச்சிறை' என்று இரண்டு. சிறைப்படுதல், சிறைமீள்தல், சிறைத்தடை எனக் கிளைச்சொற்களும் தாமே அமைகின்றன.

> 'குழி' இன்னும் எளிதல்லவா? ஆற்றல் வரைபடத்தில் குழியாகத்தானே வரைகிறோம்?

எளிதுதான். ஆனால் ஹோலுக்குத் 'துளை' இருக்கிறதே! "துளை குழியில் விழுந்தது" என்று தேர்வுத்தாளில் படிக்க எனக்குத் தெம்பில்லை.

'எக்சிட்டான்' அப்படியே இருக்கட்டும். எலெக்ட்ரான், ஃபோனான் வரிசையில் பொருந்துகிறது. விளக்கக் குறிப்பில் ஒன்று சேர்க்க வேண்டும்: மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடில் எக்சிட்டானின் பிணைப்பாற்றல், அறைவெப்ப ஆற்றலான சுமார் 26 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டைவிடக் குறைவு. அங்கே பெரும்பாலும் எலெக்ட்ரானும் துளையும் தனித்தனியாகவே பழுதில் அகப்படும். எடுத்துக்காட்டுக்கு அதைப் போடாமல், பிணைப்பாற்றல் நூற்றுக்கணக்கான மில்லி எலெக்ட்ரான் வோல்ட் உள்ள இருபரிமாணப் பெரோவ்ஸ்கைட் வகைகளில் ஒன்றைப் போடுங்கள்.