வி-கிராஸின் பின்பக்கம் குதிக்கிறது: ஷாக்கை மாற்றுவதா, கமான் பட்டையை மாற்றுவதா?

அல்சூர் தோட்டக்காரன்:

வணக்கம். என்னிடம் 2017ஆம் ஆண்டின் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டி இருக்கிறது. பழைய வண்டியாக வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் அதை உயர்த்தியிருக்கிறார். முன்பக்கம் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் உயரம் கூட்டும் ஸ்பேசர். பின்பக்கம் ஆக்சிலுக்கும் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) கமான் பட்டைக்கும் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) நடுவில் 5 செ.மீ. உயர இரும்புக் கட்டை. வார நாட்களில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். விடுமுறை நாட்களில் ஆனேக்கல் வழியாகத் தளிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்துக்கு எரு மூட்டை, தண்ணீர் டிரம், கல்தூண் என்று ஏற்றிப் போவேன். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டிதான்.

ஒசூர் சாலை மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போதெல்லாம் பின்பக்கம் குதிக்கிறது. அடுத்த இணைப்பு வருவதற்குள் அடங்குவதில்லை. வேகத்தடையில் இறங்கும்போது அடியில் இரும்பு மோதும் ஓசை கேட்கிறது. முதல் கியரில் கிளட்சை விட்டால் ‘டொக்’ என்று ஒரு தட்டு. பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் தாழ்ந்து தெரிகிறது. பின் ஷாக் இரண்டையும் போன மழைக்காலத்துக்கு முன்புதான் மாற்றினேன், வண்டியோடு வரும் அதே அளவு. அதற்குள் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, மேலே புழுதி அப்பிக் கிடக்கிறது.

மெக்கானிக் மறுபடியும் ஷாக்கை மாற்றச் சொல்கிறார். பட்டைக் கடையில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் போதும் என்கிறார்கள். இதில் எதை முதலில் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

யஷ்வந்த்பூர் பட்டறை:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். லாரிப் பட்டைகளோடு பல வருடம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை, அந்தப் பட்டையின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். வலப்பக்கம் தாழ்ந்திருப்பதற்கு ஷாக் காரணமாக இருக்க முடியாது. அங்கே பட்டையில் ஏதோ நடந்திருக்கிறது.

வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, ஒவ்வொரு பின் சக்கரத்தின் மையத்திலிருந்தும் நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றின் வித்தியாசமும் சேர்ந்துவிடும். அடுத்து, பட்டையின் முன் கண்ணில் (முன் முனையில் உள்ள வளையம்) இருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் குழாயின் நடு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவு மிக முக்கியம். பிறகு ஒரு கம்பித் தூரிகையால், பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு-போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தம் செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவிலிருந்து செம்மண் நிறத்தில் துருப்பொடி கொட்டியிருந்தால் அந்த இடத்தை மறுபடியும் பாருங்கள்.

ஒயிட்ஃபீல்டு ஓட்டி:

அண்ணன் சொன்னதோடு ஷாக்குக்கும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சேசிஸை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, பின் சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றுங்கள். பிறகு அந்த ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஆக்சில் அதற்கு மேலும் கீழே இறங்கினால், இவ்வளவு நாளும் அதைப் பிடித்து நிறுத்தியது ஷாக்தான் என்று பொருள். அது ஷாக்கின் வேலையே இல்லை. இறக்கும்போது பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். இழுபட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அல்சூர் தோட்டக்காரன்:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே அளந்துவிட்டேன். மட்கார்டு உயரத்தில் வலப்பக்கம் 2.5 செ.மீ. குறைவு. முன் கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை வலப்பக்கம் 11 மி.மீ. அதிகம். துருப்பொடியும் இருந்தது. மூன்றாவது பட்டையில், கட்டைக்கு மிக அருகில், விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகும் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிகிறது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றியதும் ஆக்சில் மேலும் 4 செ.மீ. இறங்கியது. ஷாக்கின் மேல் ரப்பர் புஷ் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இழுபட்டிருக்கிறது.

யஷ்வந்த்பூர் பட்டறை:

வலப்பக்கம் சென்டர் போல்ட் முறிந்துவிட்டது, தம்பி. பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதும், ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் நிறுத்துவதும் அந்தப் போல்ட்தான். அதன் தலை கட்டையின் குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அது போனதால் யு-போல்ட்டின் இறுக்கம் ஒன்றை மட்டும் நம்பி ஆக்சில் நிற்கிறது; 11 மி.மீ. பின்னுக்கு நகர்ந்தும்விட்டது. கிளட்சை விடும்போது கேட்ட தட்டு அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கல்தூண் ஏற்றிக்கொண்டு தளிக்குப் போகிற எண்ணம் இருந்தால் உடனே கைவிடுங்கள். பட்டறைக்கும் இழுவை வண்டியில் கொண்டு போங்கள். ஆக்சில் கோணலாக நின்றால் பின்பக்கம் தானாகத் திரும்பப் பார்க்கும். வேகத்தில், ஈர ரோட்டில், அது எந்த நேரத்தில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டை ஏன் விரிசல் விட்டது என்பதையும் பாருங்கள். கட்டை வைத்து உயர்த்தும்போது பம்ப் ஸ்டாப்பையும் (ஆக்சில் அளவுக்கு மீறி மேலேறாமல் தடுக்கும் முட்டு) அதே அளவு கீழே இறக்க வேண்டும். பம்ப் ஸ்டாப் ஆக்சிலைத் தொடும் வகையாக இருந்து, அதை அப்படியே விட்டுவிட்டால், பட்டை தன் வரம்பைத் தாண்டி 5 செ.மீ. எதிர்ப்பக்கம் வளையும். பாரம் ஏற்றிக் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அதோடு, ஆக்சிலுக்கு மேல் கட்டை உயர உயர, முடுக்கும்போது ஆக்சில் பட்டையை முறுக்கும் விசையும் கூடும். சென்டர் போல்ட் இவை இரண்டையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு ஓட்டி:

புது ஷாக் இவ்வளவு சீக்கிரம் கசிந்ததற்கும் அதே கட்டைதான் காரணம். ஷாக்கின் மேல் முனை சேசிஸில், கீழ் முனை ஆக்சிலில். நடுவில் 5 செ.மீ. கட்டை வந்ததும் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் எப்போதும் 5 செ.மீ. கூடுதல். பழைய நீள ஷாக் ஒவ்வொரு வேகத்தடையிலும் முழுதாக நீண்டு, உள்ளே பிஸ்டன் தலையில் போய் முட்டும். நீங்கள் கேட்ட இரும்பு ஓசை அதுவாகவும் இருக்கலாம். எந்த நிறுவனத்தின் ஷாக்கைப் போட்டாலும் இதே கதி நேர்ந்திருக்கும். ஆகவே நீளத்தை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஜே.சி. சாலை உதிரிபாகம்:

நான் கடையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். வண்டியின் பெயரைச் சொல்லி ஷாக் கேட்டால் கடைக்காரர் வண்டியோடு வந்த நீளத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார். இரண்டு அளவுகளோடு வாருங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் நடுவே எவ்வளவு? ஆக்சில் பம்ப் ஸ்டாப்பை அழுத்தி உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு? ஷாக் முழுதாக நீளும்போது முதல் அளவைவிடச் சற்று நீளமாகவும், முழுதாகச் சுருங்கும்போது இரண்டாவது அளவைவிடச் சற்றுக் குட்டையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது அளவைப் பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை. நீளமாக இருந்தால் போதும் என்று வாங்கிப் போகிறார்கள். முதல் பெரிய குழியிலேயே ஷாக்கின் அடி முட்டி மவுண்ட் பிய்ந்துவிடுகிறது.

பட்டை விஷயத்தில், விரிசல் விட்ட பட்டைக் கட்டோடு ஒரு புதுப் பட்டையைச் சேர்ப்பது வீண் செலவு. சோர்ந்துபோன பட்டைகளுக்கு நடுவே வளைவு குறையாத ஒரு பட்டை புகுந்தால் எடையெல்லாம் அதன்மேல்தான் விழும். காலி வண்டியும் இன்னும் கடினமாகிவிடும். நீங்கள் பாதி நேரம் காலியாகத்தான் ஓட்டுகிறீர்கள்.

அல்சூர் தோட்டக்காரன்:

பழைய பட்டைகளையே சூடாக்கி வளைவு ஏற்றித் தருவதாகக் கலாசிபாளையம் பக்கம் ஒருவர் சொன்னார். செலவு பாதிக்கும் குறைவு. விரிசல் விட்டதை மட்டும் மாற்றிவிட்டு அப்படிச் செய்யலாமா?

யஷ்வந்த்பூர் பட்டறை:

முறையாகச் செய்தால் தவறில்லை. பட்டையை உலையில் சீரான சூட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்த வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் எஃகுக்கு வளைந்து நிமிரும் குணத்தைத் திருப்பித் தருகிறது. அடுப்புக்கரியில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, தண்ணீரில் முக்கிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்த பட்டை சில மாதங்களில் தட்டையாகிவிடும், அல்லது கண்ணாடி போல் பட்டென்று உடையும். உலையும் சூட்டை அளக்கும் கருவியும் கண்ணால் பார்க்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். உங்கள் நிலைமைக்கு என் யோசனை, இரண்டு பக்கமும் புதுக் கட்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபடி சாயும்.

அந்த இரும்புக் கட்டையை எடுத்துவிடுங்கள் என்பதையும் உரிமையோடு சொல்கிறேன். உயரம் வேண்டும் என்றால் பட்டையின் வளைவிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒயிட்ஃபீல்டு ஓட்டி:

சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்து, காப்பீட்டு ஆய்வாளர் அடியில் குனிந்து பார்க்கும்போது அந்தக் கட்டை கண்ணில் படும். அண்ணன் சொல்வதைப் போல எடுத்துவிடுவதே நல்லது.

முன்பக்க ஸ்பேசரை எடுப்பதாக இருந்தால் வீட்டில் முயல வேண்டாம். வி-கிராஸில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அழுத்தி வைத்த அந்த ஸ்பிரிங்கை உரிய கருவி இல்லாமல் அவிழ்த்தால் உயிருக்கே ஆபத்து. எடுத்த பிறகு சக்கர அலைன்மென்ட் கட்டாயம். முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். உயர்த்திய வண்டியின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஜே.சி. சாலை உதிரிபாகம்:

மாட்டும் அன்று கூடவே நின்று பாருங்கள். யு-போல்ட், சென்டர் போல்ட், கண் புஷ், ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) புஷ் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஒரு முறை முழு இறுக்கத்துக்கு இழுபட்ட யு-போல்ட்டைத் திரும்பப் போட்டால் பிடிப்பு நிற்காது. நான்கு மரைகளையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

பலர் தவறவிடும் இன்னொன்று: கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு சிறு கம்பி போய் பிரேக் வால்வை இயக்கும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பின்பக்க உயரம் மாறியதும் அதையும் சரிசெய்ய வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக எண்ணி அந்த வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

அல்சூர் தோட்டக்காரன்:

வேலை முடிந்தது. வலப்பக்கப் பட்டைகளைப் பிரித்தபோது சென்டர் போல்ட் இரண்டு துண்டாக வந்தது; முறிந்த முகத்தில் பாதி கறுத்துத் துருப்பிடித்தும், மீதி பளிச்சென்றும் இருந்தது. வெகுநாளாகவே பாதி உடைந்த நிலையில் ஓடியிருக்கிறது என்று பட்டறைக்காரர் காட்டினார். விரிசல் விட்ட பட்டையும் போல்ட் துளை வரை பிளந்திருந்தது.

இரும்புக் கட்டையை எடுத்தாயிற்று. பழைய தாங்குதிறனிலேயே, வளைவு மட்டும் சற்றுக் கூடிய புதுக் கட்டு இரண்டு பக்கமும் போட்டேன். ஷாக்கை இரண்டு அளவும் எடுத்துக்கொண்டு போய் வாங்கினேன். முன்பக்க ஸ்பேசரும் போய்விட்டது, அலைன்மென்ட்டும் விளக்கும் சரிசெய்தாயிற்று. என் வண்டியில் அந்தப் பிரேக் கம்பி இல்லை என்று பட்டறையில் உறுதி செய்தார்கள். இரண்டு பக்க உயரமும் இப்போது ஒன்று. மேம்பால இணைப்பில் ஒரு அசைவோடு நிற்கிறது. எரு மூட்டை ஏற்றியும் பார்த்துவிட்டேன். அடியில் எந்த ஓசையும் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, வேகம் 20 கி.மீ.யைத் தொடுவதற்குள், இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு வந்து போகிறது. வேகம் பிடித்தபின் இல்லை. பட்டையில் இன்னும் ஏதாவது தளர்ந்திருக்குமா?

யஷ்வந்த்பூர் பட்டறை:

முதலில் யு-போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுப் பட்டை சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். அப்போது யு-போல்ட் தளர்வது இயல்பு. எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது.

இறுக்கிய பிறகும் அதிர்வு இருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். உங்கள் வண்டியில் அது இரண்டு துண்டு, நடுவில் ஒரு பேரிங் தாங்கியிருக்கிறது. பட்டையின் வளைவு கூடியதால் பின் துண்டின் கோணம் மாறியிருக்கும். முதலில் அந்த பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் நன்றாக இருந்தால், பேரிங்கின் தாங்கியை மெல்லிய வாஷர் வைத்துச் சில மில்லிமீட்டர் கீழே இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் போகவில்லை என்றால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே சரிவான ஆப்பு வைத்து டிஃபரன்ஷியலின் (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) முகத்தைத் திருப்ப வேண்டிவரும். கோணத்தை அளக்காமல் ஆப்பு வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் இரண்டின் கோணத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள், எவ்வளவு சரிவு வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.