வண்டியில் கேம்பிங்: பவர் ஸ்டேஷனா, லித்தியம் பேட்டரியா?

ஈசிஆர் பயணி:
சென்னையிலிருந்து ஏலகிரி, கொல்லிமலை பக்கம் ரெண்டு மூணு ராத்திரி வண்டியிலேயே தங்கப் பிளான். பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், டிசி ஃபேன், லைட், ரெண்டு போன், ஒரு லேப்டாப். முடிஞ்சா இண்டக்‌ஷன் அடுப்பும். வீட்டு இன்வெர்டர் பேட்டரி 150 ஏஹெச் சும்மா கிடக்கு, அதையே பின்னாடி வெச்சிக்கலாமா? இல்ல, 1000 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் (பேட்டரி, இன்வெர்டர், சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டியில்) வாங்கிடலாமா?

பேட்டரி பித்தன்:
ப்ரோ, அந்த டியூபுலர் (ஆசிட் உள்ள இன்வெர்டர் பேட்டரி) வீட்டிலேயே இருக்கட்டும். 50 கிலோவுக்கு மேல் கனம். மலை வளைவில் சாய்ஞ்சா ஆசிட் கசியும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். தூங்குற இடத்தில் ரெண்டும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்க. ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட். நம்ம வெயிலுக்குப் பாதி நேரம் கம்ப்ரசர் ஓடும்னு வெச்சா நாளுக்கு 540 வாட் ஹவர். 15 வாட் ஃபேன் 9 மணி நேரத்துக்கு 135. மத்ததெல்லாம் 150. ஆக 825. 100 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1280 இருக்கும். 90 சதவீதம் எடுத்தாலும் ஒன்றரை நாள்கூட வராது. தினமும் எதால் நிரப்பப் போறீங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு. பவர் ஸ்டேஷன் மாட்டிக்கிறதும் அங்கேதான்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 100 வாட் அளவுக்குத்தான் ஏறும், நிரம்ப 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டணும்.

இண்டக்‌ஷன்? 1800 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஏஹெச் பேட்டரியின் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) பெரும்பாலும் 100 ஆம்பியரிலேயே கட் பண்ணிடும். சின்ன கேஸ் அடுப்பு போதும், வண்டிக்கு வெளியே.

மவுண்ட் ரோடு வயர்மேன்:
பிஎஸ்6 வண்டி என்பதால் ஒரு விஷயம். பல மாடல்களில் ஸ்டார்ட்டர் பேட்டரி நிரம்பியதும் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இறக்கிவிடும். இரண்டு பேட்டரியையும் இணைக்க வெறும் ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) போட்டால் லித்தியம் சரியாக ஏறாது. வோல்டேஜ் உயரும்போது ஆம்பியரை அள்ளி இழுக்கும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொதிக்கும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டியின் வோல்டேஜை லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) போடுங்கள், வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் சிக்னலோடு. 2 மணி நேர ஓட்டத்தில் 800 வாட் ஹவர் திரும்பி வந்துவிடும்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் 35 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் எம்எம் வயரில் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 16-ல் 0.4 வோல்ட்தான். இரண்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் 20 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். நெகட்டிவ் டெர்மினலில் சென்சார் இருந்தால் எர்த்தை அதன் மேல் மாட்டாமல் சேஸிஸில் மாட்டவும். ஜி.பி. ரோட்டு கார் ஆக்சஸரி கடையில் வேலை கொடுத்தால் லக்கை (வயர் முனையில் மாட்டும் வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் குலுங்கிக் குலுங்கி லூஸாகிச் சூடாகும்.

ஈசிஆர் பயணி:
நன்றி சார். சோலார் தேவையா?

பேட்டரி பித்தன்:
தினமும் இடம் மாறினா வேண்டாம். ஒரே இடத்தில் ரெண்டு நாள் நின்னா 200 வாட் மடக்கு பேனல், நீள வயரோட: வண்டி நிழலில், பேனல் வெயிலில். 100 வாட்டுக்கு நல்ல நாளில் 350 முதல் 400 வாட் ஹவர். ஒரு கிளை நிழல் விழுந்தாலும் சரசரன்னு இறங்கும்.

பேட்டரியைப் பின் கண்ணாடி ஓரம் வைக்காதீங்க. மே மாசம் கண்ணாடி ஏத்தி நிறுத்தின வண்டிக்குள்ள 45 டிகிரி சாதாரணமா தாண்டும், சூடு அதிகமானா பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திடும். ஃப்ரிட்ஜில் கட்-ஆஃப் (எந்த வோல்டேஜில் அணையணும்) செட்டிங்கை லித்தியத்தில் ஓட்டும்போது 'லோ'வில் வைங்க. 'ஹை'யில் இருந்தா மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்து, பேட்டரி இருக்கும்போதே அணைஞ்சிடும்.