கந்தப்பளைக் குளிரில் ஒரு கிலோ எடைக்கு 4.1 கிலோ தீனி: எங்கே போகிறது?

கந்தப்பளைக்காரன்:
வணக்கம். நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் பன்றி வளர்க்கிறோம். 12 குட்டி, லார்ஜ் வைட் – லேண்ட்ரேஸ் இனக் கலப்பு. 25 கிலோவில் இறக்கியது, 140 நாளில் சராசரி 88 கிலோ. முடிந்த தீனி 50 கிலோ மூடையில் 62. ஒரு கிலோ எடை ஏற 4.1 கிலோ தீனி போகிறது.

நாங்களே கலப்பதுதான். 100 கிலோவுக்கு ரைஸ் பொலிஷ் (அரிசித் தவிடு) 40, தேங்காய்ப் புண்ணாக்கு 25, சோளம் 25, சோயா புண்ணாக்கு 8, மினரல் 1.5, உப்பு அரை கிலோ. புரதம் கிட்டத்தட்ட 16 வீதம் வருகிறது. பின்னேரம் கோவா (முட்டைக்கோஸ்) இலை, கரட் கழிவும் போடுகிறோம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டுக்குச் சீமெந்துத் தரை, மூன்றடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, தகரக் கூரை. தண்ணீர் தொட்டியில். கம்பனித் தீனிக்கு மாறினால் சரிவருமா, இல்லை வேறு எங்காவது ஓட்டை இருக்கிறதா?

தீனிக்கணக்கு:
தம்பி, கம்பனித் தீனிக்கு இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். புரதம் 16 வீதம் என்பது சரிதான், ஆனால் பன்றிக்குத் தேவை புரதம் என்ற எண் அல்ல, அதற்குள் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம். உங்கள் கலவையைப் போட்டுப் பார்த்தேன்: பொலிஷிலிருந்து 0.22, தேங்காய்ப் புண்ணாக்கிலிருந்து 0.14, சோளத்திலிருந்து 0.06, சோயாவிலிருந்து 0.22. மொத்தம் 0.64 வீதம். 25 முதல் 50 கிலோ வரையான குட்டிக்கு 1.1 அளவில் வேண்டும். எண்ணெய் ஆட்டும்போது ஏறும் சூட்டில் தேங்காய்ப் புண்ணாக்கின் லைசினில் ஒரு பங்கு கெட்டுவிடுவதால், உடம்பில் சேருவது 0.64ஐ விடவும் குறைவு. லைசின் போதாவிட்டால் மற்றப் புரதம் இறைச்சியாக மாறாது. உடைந்து மூத்திரத்தில் போகும், மிச்சச் சக்தி கொழுப்பாகும். கூட்டில் அமோனியா நாற்றம் கண்ணை எரிக்கிறதா என்று பாருங்கள், அதுவும் ஒரு சாட்சி.

50 கிலோ வரை இப்படிக் கலக்கலாம்: சோளம் 48, சோயா 22, பொலிஷ் 18, தேங்காய்ப் புண்ணாக்கு 8, சுண்ணாம்புத் தூள் 1.4, டிசிபி (டைகல்சியம் பொஸ்பேட்) 1.4, விட்டமின்–மினரல் பிரிமிக்ஸ் அரை கிலோ, உப்பு 400 கிராம், லைசின் தூள் 300 கிராம். லைசின் 1.1, புரதம் 18. 50 கிலோவுக்கு மேல் சோளம் 45, பொலிஷ் 25, சோயா 14, தேங்காய்ப் புண்ணாக்கு 12, மற்றவை அப்படியே. லைசின் 0.94க்கு இறங்கும், அது போதும்.

லைசின் தூள் 300 கிராமை 100 கிலோவில் நேரடியாகக் கொட்டினால் ஒரு பன்றிக்கு மூன்று பங்கு, இன்னொன்றுக்கு வெறும் சோளம். முதலில் இரண்டு கிலோ சோள மாவில் கலந்து, அதைப் பத்துக் கிலோவாக்கி, பிறகு குவியலில் விசிறி, மண்வெட்டியால் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக நான்கு தடவை புரட்டுங்கள். பிரிமிக்ஸும் அப்படித்தான்.

அரைக்கும் மில்லில் சோளத்தைப் பார்த்தீர்களா? முழு மணி, அரை மணி சாணத்தில் தெரிந்தால் காசு அப்படியே வெளியே போகிறது. 600 முதல் 700 மைக்ரோன் நல்லது, அதாவது சன்ன ரவை மாதிரி. அதற்கு மேல் 100 மைக்ரோன் பருமனாகும் ஒவ்வொரு தடவையும் தீனித்திறன் ஒரு வீதமளவில் குறையும். ரொம்பப் பொடியாக மாவாக்கினாலும் வயிற்றுப் புண் வரும்.

மலைக்காற்று:
கலவை பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் மூன்றடிச் சுவருக்கு மேல் வலை என்பதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. மூடுபனியும் காற்றும் ராத்திரி முழுக்க உள்ளே வரும். ஈரச் சீமெந்தில் படுக்கும் 60 கிலோ பன்றிக்கு 15–18 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உடம்பைச் சூடாக்கத் தனித் தீனி வேண்டும். ஒவ்வொரு பாகைக்கும் நாளுக்கு 25 முதல் 35 கிராம். ராத்திரி 12 மணித்தியாலம் ஆறு பாகை குறைவு என்று வைத்தாலே ஒரு பன்றிக்கு 90 கிராம், 140 நாளில் 12 கிலோ, 12 பன்றிக்கு மூன்று மூடைக்குக் கிட்ட. ஜனவரியில் இன்னும் கூடும்.

தெர்மாமீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறி, காலை மடக்கி வயிற்றில் படுத்திருந்தால் குளிர். பக்கவாட்டில் கால் நீட்டிக் கிடந்தால் சுகம்.

காற்று வரும் பக்கத்தை உரப்பையால் தரையிலிருந்து நான்கரை அடி வரை மூடுங்கள். கூரைக்குக் கீழே ஒரு அடி இடம் விடுங்கள், அதையும் அடைத்தால் ஈரமும் அமோனியாவும் சேர்ந்து இருமல் வரும். படுக்கிற மூலைக்கு மட்டும் பலகைத் தட்டு, தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி. இல்லாவிட்டால் காய்ந்த மானாப்புல் தடிப்பாக. மரத்தூள் என்றால் மருந்தடித்த பலகையின் தூள் வேண்டாம். சாணத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதைப் பின்னேரம் மூன்று மணிக்கு முன் முடித்துவிடுங்கள். இதை ஏனோ எல்லாரும் ஆறு மணிக்குத்தான் செய்வார்கள்.

தண்ணீரும் உண்டு. 10 பாகையில் ஆறு லீட்டர் குடித்தால் அதை உடம்பின் சூட்டுக்கு ஏற்ற 50 கிராமுக்கு மேல் தீனி எரிகிறது. மிலாறு (தேயிலைச் செடி வெட்டிய விறகு) கிடைக்கும் இடத்தில் காலைத் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது வீண் செலவல்ல.

வெலிமடைப்பட்டி:
தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. சிந்துகிற தீனியை அளந்தீர்களா? ஒரு நாள் தொட்டிக்கு வெளியே தறப்பாள் விரித்து, ராத்திரி விழுந்ததைக் கூட்டிக் காயவைத்து நிறுங்கள். நீங்கள் நாளுக்குப் போட்டது சராசரி 22 கிலோ. பத்தில் ஒரு பங்கு சிந்தினால் 140 நாளில் 310 கிலோ, ஆறு மூடை. குளிரைவிட இரண்டு மடங்கு.

உலர் தீனித் தொட்டியில் அடித்தட்டு பாதிக்கு மேல் தீனியால் மூடியிருக்கக் கூடாது. வாயில் அள்ளித் திரும்பும்போது சிந்தாமலிருக்க முன் விளிம்பு உள்ளே வளைந்திருக்க வேண்டும். நீளத் தொட்டி என்றால் ஒரு பன்றிக்கு ஓரடி இடம், ஓரடிக்கு ஒரு குறுக்குக் கம்பி. ஈரத் தீனிக்கு ஒரு கிலோவுக்கு இரண்டரை லீட்டர் தண்ணீர், அரை மணியில் தொட்டி காலியாகும் அளவு மட்டும். தனியே நிப்பிள் (பன்றி கடித்துக் குடிக்கும் தண்ணீர்க் குழாய்) வைப்பதென்றால் நிமிடத்துக்கு ஒரு லீட்டர் பாய வேண்டும், போத்தல் பிடித்துப் பார்த்தால் தெரியும். பத்துப் பன்றிக்கு ஒன்று.

கோவாவைக் கணக்கில் விடாதீர்கள், ஆனால் பெரிதாக எண்ணவும் வேண்டாம். அதில் 92 வீதம் தண்ணீர். ஐந்து கிலோ கொடுத்தால் உள்ளே போவது 400 கிராம்தான், வயிறு மட்டும் நிறைந்துவிடும். 50 கிலோவுக்குக் கீழ் வேண்டாம். மருந்தடித்து நாள் ஆகாத இலை எந்த வயதிலும் வேண்டாம். முளைத்த, பச்சையான உருளைக்கிழங்கும் அப்படி. நல்ல கிழங்கை அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுக்கலாம். ஹோட்டல் எச்சில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள்: 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டுக்குள் வந்த பிறகு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கொடுத்தே தீருவதென்றால் 90 பாகைக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்சியதாக இருக்கட்டும்.

கந்தப்பளைக்காரன்:
தறப்பாள் போட்டுப் பார்த்தோம், ஒரு நாளில் காய்ந்த நிறை 1.9 கிலோ. சோயாவுக்கும் லைசினுக்கும் விலை விசாரிக்கிறேன். இரண்டு சந்தேகம். இடையில் நிறுக்கத் தராசு இல்லை, ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொலிஷ் மொத்தமாக வாங்கி இரண்டு மாதம் வைக்கலாமா?

தீனிக்கணக்கு:
வைக்கக் கூடாது. எண்ணெய் 12 வீதத்துக்கு மேல் இருப்பதால் இந்த ஈரக் காற்றில் இரண்டு மூன்று கிழமையில் கசந்துவிடும். வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீர்க் கிளாசில் போடுங்கள், மேலே மிதக்கும் உமி கொஞ்சம்தான் இருக்க வேண்டும். நிறைய மிதந்தால் நீங்கள் வாங்குவது நார். மூடையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த சோளத்தைக் கலந்து ஒப்பேற்ற வேண்டாம், பன்றி தின்னாமல் விடும்.

எடைக்குத் தையல் டேப் போதும். காலைத் தீனிக்கு முன், தலை நேராக நிற்கும்போது முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, பிறகு இரு காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம், இரண்டும் மீற்றரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3. சுற்றளவு 1, நீளம் 1.05 என்றால் 73 கிலோ. சில கிலோ முன்பின் வரும், அதே நான்கு பன்றியை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அளந்தால் ஏற்றம் தெரிந்துவிடும். இப்போது நாளுக்கு 450 கிராம் ஏறுகிறது, 600க்குப் போகாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் புழு. அறுக்கும் இடத்தில் ஈரலைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் குட்டி இறக்கியதும் ஒரு தடவை, எட்டாவது கிழமையில் ஒரு தடவை பூச்சி மருந்து. ஐவர்மெக்டின் 1 வீத ஊசி என்றால் 33 கிலோவுக்கு ஒரு மில்லி, காதுக்குப் பின் தோலுக்கு அடியில். சொறிக்கும் அது வேலை செய்யும். இறைச்சிக்கு விடுமுன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது லேபலில் இருக்கும், மிருக வைத்தியரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.